இரண்டு வயதுக் குழந்தையோடு குழு மலைநடையில் சேரலாமா?

கேள்வி: எங்கள் மகளுக்கு இரண்டு வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் மலைப்பாதைகளில் நடக்கப் போகும் குழு ஒன்றில் சேர நானும் கணவரும் ஆசைப்படுகிறோம். குழந்தையால் மற்றவர்களுக்குத் தொந்தரவாகிவிடுமா? யாராவது இப்படிப் போயிருக்கிறீர்களா?

போயிருக்கிறோம். ஒன்றல்ல, இரண்டு குழந்தைகளோடு. எங்களுக்கு இரட்டைப் பையன்கள். "தொந்தரவாகிவிடுமா" என்று கேட்டிருக்கிறீர்களே, அந்த வார்த்தைதான் என்னை எழுத வைத்தது. முதல் தடவை கிளம்பும்போது நானும் அதையேதான் நினைத்துக்கொண்டு வண்டியில் ஏறினேன்.

சேரலாம் என்பதுதான் என் பதில். ஆனால் உங்கள் பெண் தயாரா என்று பார்ப்பதற்கு முன்னால் அந்தக் குழு தயாரா என்று பாருங்கள். நாங்கள் அதைப் பார்க்காமல் போனோம்.

நீங்கள் தனிக்குடித்தனமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் மலை, காடு என்று சுற்றியவர்களாகவும் இருக்கலாம். குழந்தை பிறந்த பிறகு இரண்டு வருடமாக எங்கேயும் போகவில்லை, நண்பர்களும் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். நாங்கள் அப்படித்தான் இருந்தோம். ஊர் கோயம்புத்தூர். மாடியில் நின்றால் மேற்கே மலை தெரியும். தினமும் அதைப் பார்த்துக்கொண்டே துணி காயப்போடுவேன்.

2023 அக்டோபரில், பையன்களுக்கு இரண்டே கால் வயது இருக்கும்போது, ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தோம். குழுவின் பெயரைச் சொல்லப்போவதில்லை, யாரையும் சந்தியில் நிறுத்துவது என் நோக்கம் இல்லை. கோத்தகிரி பக்கம் அரவேணுவில் இறங்கி, தேயிலைத் தோட்டங்கள் வழியாக கேத்தரின் அருவிப் பக்கம் நடந்துபோய்த் திரும்புவது என்று திட்டம். குழந்தைகள் இருக்கிறார்கள் என்று ஒருங்கிணைப்பவரிடம் முன்கூட்டியே சொன்னேன். "தாராளமா கூட்டிட்டு வாங்கக்கா, ஈஸி ரூட்தான்" என்றார். பையன்களுக்கும் சேர்த்தே பணம் கட்டினோம்.

மேட்டுப்பாளையம் தாண்டி வளைவுகளில் ஏறும்போதே சின்னவன் வாந்தி எடுத்துவிட்டான். (நான்கு நிமிட வித்தியாசம்தான், ஆனாலும் எங்கள் வீட்டில் பெரியவன், சின்னவன் உண்டு.) அரவேணுவில் இறங்கியதும் சட்டையை மாற்றிவிட்டேன். கணவரிடம் முதுகில் மாட்டும் கேரியர் ஒன்று இருந்தது. எங்கள் கணக்குப்படி ஒருவன் அதில், இன்னொருவன் என் கையைப் பிடித்து நடப்பான், அரை மணிக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். வீட்டில் உட்கார்ந்து போடும்போது நல்ல கணக்காகத்தான் தெரிந்தது.

தோட்டத்தில் நிழலுக்காக சில்வர் ஓக் மரங்கள் வைத்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். அதன் இலை மேலே பச்சை, அடியில் வெள்ளி. உதிர்ந்து கிடந்த ஓர் இலையைப் பெரியவன் குனிந்து எடுத்தான். திருப்பினான். வெள்ளி தெரிந்ததும் என்னை நிமிர்ந்து பார்த்தான். அதை என்னிடம் கொடுத்துவிட்டு அடுத்ததை எடுத்தான், அதையும் திருப்பினான். கேரியரில் இருந்த சின்னவன் இறங்கியே ஆகவேண்டும் என்று கால்களை உதைத்தான். இறக்கிவிட்டோம். இரண்டு பேரும் இலை திருப்பத் தொடங்கினார்கள். பத்து நிமிடத்தில் நாங்கள் நடந்தது ஐம்பது அடி கூட இருக்காது.

அதைப் பார்த்தபோது இதற்குத்தானே வந்தோம் என்று இருந்தது. ஆனால் முன்னால் போனவர்கள் திருப்பத்தில் கைகட்டி நின்று கடிகாரத்தைப் பார்ப்பதும் கண்ணில் பட்டது. முதல் திருப்பத்தில் காத்திருந்தார்கள். இரண்டாவதிலும் காத்திருந்தார்கள். மூன்றாவது திருப்பத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அங்கே யாரும் இல்லை.

பாதை அங்கே இரண்டாகப் பிரிந்தது. பனிமூட்டம் இறங்கிவிட்டது, இருபது அடிக்கு அப்பால் செடியும் தெரியவில்லை ஆளும் தெரியவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை, பிறகு சிக்னலும் போய்விட்டது. லேசான தூறல். சின்னவன் காலைத் தூக்கித் தூக்கிக் காட்டினான். சாக்ஸை உருவினால் கணுக்காலில் அட்டை. இரத்தம் குடித்து உருண்டையாகத் தொங்கியது. அழக்கூட இல்லை அவன், "அம்மா, பூச்சி" என்றான். அழுதது நான்தான்.

கொழுந்து பறிக்கப் போய்க்கொண்டிருந்த ஓர் அக்கா எங்களைப் பார்த்துவிட்டு வந்தார். "என்ன கண்ணு, வழி மாறிட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையிலிருந்து சுண்ணாம்பை எடுத்து விரல் நுனியால் அட்டைமேல் தொட்டார். சுருண்டு விழுந்தது. கடிவாயில் இரத்தம் நிற்காமல் கசிந்தது. அட்டை கடித்தால் கொஞ்ச நேரம் அப்படித்தான், இரத்தம் உறையாமல் இருக்க அது எதையோ சுரக்கும், பயப்பட வேண்டாம் என்று பிறகு எங்கள் குழந்தை மருத்துவர் சொன்னார். அப்போது எனக்கு அது தெரியாது. அந்த அக்கா தன் வேலையை விட்டுவிட்டு, சின்னவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு, தார் ரோடு வரைக்கும் எங்களைக் கொண்டுவந்து விட்டார். பணம் கொடுத்தேன், வாங்கவில்லை. அவர் பெயரைக் கூடக் கேட்காமல் வந்துவிட்டேனே என்று இன்றைக்கும் மனது அடித்துக்கொள்கிறது.

மற்றவர்கள் மதியம் வண்டிக்குத் திரும்பினார்கள். "நீங்க பாதியிலேயே திரும்பிடுவீங்கன்னு நெனச்சோம்" என்றார் ஒருங்கிணைப்பவர். மறுநாள் குழுவில் ஒரு செய்தி வந்தது: அடுத்த முறை பெரியவர்கள் மட்டும், குடும்பங்கள் வந்தால் வேகம் குறைகிறது. யாரைச் சொல்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். அதற்குக் கீழே பதினோரு பேர் கட்டைவிரல் போட்டிருந்தார்கள்.

அவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. ஆறு நாள் வேலை செய்துவிட்டு ஒருநாள் மூச்சுவாங்க நடக்க வருகிறவர்கள், வேகமாக நடக்கட்டும், அது அவர்கள் உரிமை. ஆனால் அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். "எங்கள் வேகம் உங்களுக்கு ஒத்துவராது" என்று போனில் சொல்லியிருந்தால் கோபித்துக்கொண்டிருக்க மாட்டேன், நன்றி சொல்லியிருப்பேன். கூட்டிக்கொண்டு போய்விட்டு, பிரிவுப்பாதையில் ஓர் ஆளைக்கூட நிறுத்தாமல் போனதைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. குழந்தை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அப்படி விட்டுவிட்டுப் போகக்கூடாது. கடைசி ஆள் வந்து சேரும்வரை பிரிவுப்பாதையில் ஒருவர் நிற்பது மலைநடையின் அரிச்சுவடி.

பெற்றவளுக்கு அறிவு வேண்டாமா, குரங்கணிக்கு அப்புறமும் பிள்ளைகளை மலைக்கு இழுத்துக்கொண்டு போவார்களா என்று கீழே யாராவது எழுதுவீர்கள். என் அத்தையே கேட்டார். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்ததை நான் மறக்கவில்லை. அது நடந்தது கோடையில், காய்ந்த புல்லில். அந்த வருடமே மலையேற்றத்துக்கு அரசு விதிகள் கொண்டுவந்தது. தீக்காலத்தில் காட்டுப்பாதைகளை மூடிவிடுகிறார்கள். நாங்கள் கோடையில் காட்டுக்குள் கால் வைப்பதில்லை, அனுமதி இல்லாத பாதையில் எப்போதுமே போவதில்லை. இதற்கு மேலும் திட்டுகிறவர்கள் திட்டிக்கொள்ளுங்கள், ஆனால் வேறு எங்கே கூட்டிக்கொண்டு போவது என்றும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

கேட்ட கேள்விக்கு இது சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் சொல்கிறேன். எங்கள் அடுக்குமாடியில் நல்ல புல்தரை இருக்கிறது. நடுவில் பலகை: "புல்லில் நடக்காதீர்கள். குழந்தைகள் விளையாட அனுமதி இல்லை." தோட்டக்காரருக்கும் புல்லுக்கும் சேர்த்து மாதாமாதம் பராமரிப்புப் பணம் நாங்களும்தான் கட்டுகிறோம். கார் நிறுத்துமிடத்தில் ஓடினால் வண்டி வருகிறது, மொட்டைமாடி பூட்டியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டலில் ஒன்றிலிருந்து நான்கு வயது வரையிலான குழந்தைகளுக்கு ஒரு நாளைக்கு மூன்று மணி நேரமாவது ஓட்டம், நடை, விளையாட்டு வேண்டும் என்று இருக்கிறது. அதை அச்செடுத்து சங்கச் செயலாளரிடம் கொடுத்தேன். அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்றார். இரண்டு கூட்டம் முடிந்துவிட்டது. மண்ணைத் தொட என் பிள்ளைகள் கோத்தகிரி வரை போக வேண்டியிருக்கிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அந்த அக்டோபருக்கு அப்புறம் மூன்று மாதம் எங்கும் போகவில்லை. பையன்களின் விளையாட்டுப்பள்ளி வாசலில் காத்திருக்கும் மற்ற அம்மாக்களிடம் பேசிப் பேசி நான்கு குடும்பம் சேர்ந்தோம். ஒன்றரை வயதிலிருந்து நான்கு வயது வரை ஆறு குழந்தைகள். மாதம் ஒருமுறை நடை. எங்களுக்குள் ஒரே ஒரு சட்டம்: குழந்தைகள் முன்னால், பெரியவர்கள் பின்னால். யார் ரொம்ப மெதுவாக நடக்கிறார்களோ அவர்தான் அன்றைக்கு முதல் ஆள். யாரும் அவரைத் தாண்டக்கூடாது. இப்படி வைத்தால் யாரும் பின்தங்க வழியே இல்லை. இன்னொன்றும் கவனித்தேன், தனியாக வந்தால் ஐம்பது அடிக்கு ஒருமுறை தூக்கச் சொல்கிற குழந்தை, முன்னால் இன்னொரு குழந்தை நடந்தால் அதன் பின்னாலேயே ஓடுகிறது.

வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் நாற்பது பாதைகள் இருக்கின்றன. எளியது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். பத்து வயதுக்குக் கீழ் இருந்தால் எளிய பாதையில் மட்டும், பெற்றோருடன் வரலாம். கிளம்பும் முன் விதிகளை ஒருமுறை அவர்கள் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். 2025 ஜனவரியில் நாங்கள் போனது கோத்தகிரியை ஒட்டிய லாங்வுட் சோலை. 116 ஹெக்டேர்தான், ஆனால் உள்ளே போனதும் வெளிச்சமே மாறிவிடும். அதற்கு முந்தின ஜனவரியில்தான் அதை ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்த்திருந்தார்கள். சுற்றிலும் உள்ள ஊர்களுக்கு நீர் கொடுக்கிற காடு அது.

வழிகாட்டியாக வந்த தம்பி உள்ளூர்க்காரர். எங்கள் படையைப் பார்த்து அவர் முகம் சுளிக்கவில்லை. ஓரிடத்தில் குனிந்து, ஈர மண்ணில் பதிந்திருந்த காட்டு மாட்டின் குளம்புத் தடத்துக்குள் பெரியவனின் கையை வைக்கச் சொன்னார். அவன் கை முழுதும் அதற்குள் அடங்கிவிட்டது. "இது வந்த வழி. இனிமே யாரும் சத்தம் போடாம போலாமா சாமி?" என்று கேட்டார். ஆறு வாண்டுகளும் வாயைப் பொத்திக்கொண்டு நடந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். வீட்டில் இரண்டு நிமிடம் சும்மா இருக்காத பிள்ளைகள்.

தூரத்தைப் பற்றி: இரண்டு இரண்டரை வயதில் என் பையன்கள் சொந்தக் காலில் நடந்தது இரண்டு மணி நேரத்தில் ஒரு கிலோமீட்டர், மிஞ்சிப்போனால் ஒன்றரை. குழு எட்டு கிலோமீட்டர் போகிறது என்றால் மிச்சத்தை யார் முதுகில் கடக்கப்போகிறீர்கள் என்று இப்போதே வீட்டில் பேசிவிடுங்கள். கேரியரில் இருக்கும்போது குளிர் ஏறுவதைக் கவனியுங்கள். சுமக்கிறவருக்கு வியர்க்கும், ஆனால் பின்னால் அசையாமல் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்குக் கால் ஜில்லிட்டுப் போயிருக்கும். அரை மணிக்கு ஒருமுறை பாதத்தைத் தொட்டுப் பாருங்கள். நான் மருத்துவர் இல்லை, தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

மதியத் தூக்க நேரத்துக்கு முன்னால் வண்டிக்குத் திரும்பிவிடுங்கள், எங்களுக்கு அது பதினொன்றரை. சாப்பாட்டுக்கு வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கும் தயிர்சாதமும் போதும். நீலகிரி என்றால் தண்ணீரை எவர்சில்வர் பாட்டிலில் கொண்டுபோங்கள், பிளாஸ்டிக் பாட்டிலைக் குஞ்சப்பனை சோதனைச்சாவடியில் எடுத்துக்கொள்வார்கள். பயன்படுத்திய டயப்பரை மூடி போட்ட டப்பாவில் திருப்பிக் கொண்டுவந்துவிடுங்கள். செடி மறைவில் வீசிவிட்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

நீங்கள் சொன்ன குழுவிடம் பணம் கட்டுவதற்கு முன்னால், கடைசியில் நடக்கப்போகிறவர் யார் என்று கேளுங்கள். ஓர் ஆளின் பெயரைச் சொன்னால் அவரிடமே பேசுங்கள், பெண்ணுக்கு இரண்டு வயது என்று அவரிடமே சொல்லுங்கள். "எல்லாரும் சேர்ந்துதானே போவோம்" என்று பதில் வந்தால் விட்டுவிடுங்கள்.

நீங்கள் எந்த ஊர் என்று எழுதவில்லை. கோயம்புத்தூர் பக்கம் என்றால் எனக்குச் செய்தி அனுப்புங்கள். வருகிற மாதம் இரண்டாவது ஞாயிறு ஆழியாறு கால்வாய்க் கரைப் பாதைக்கு அனுமதி கேட்டிருக்கிறோம். முழுதாக நடக்கமாட்டோம், பிள்ளைகள் போகிறவரை போய்த் திரும்பிவிடுவோம். ஒரு காரில் பின்சீட்டு காலியாக இருக்கிறது.