கடலூர் எத்தனை எழுத்து?

கேள்வி: நேம் போர்டு கடை வைத்திருக்கிறேன், எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி. ஆர்டரெல்லாம் ஒரே எஸ்க்யூலைட் (SQLite) டேட்டாபேஸ் ஃபைலில் இருக்கிறது. கடைக் கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதியது பைத்தானில் (Python), ஆன்லைன் ஆர்டருக்கு பிஎச்பியில் (PHP). எழுத்தை எண்ண 'எழுத்தெண்' என்று ஒரு ஃபங்ஷனைப் பைத்தானில் சேர்த்தேன். அதே க்வெரியை பிஎச்பியில் ஓட்டினால் அப்படி ஒரு ஃபங்ஷனே இல்லை என்கிறது. ஃபைல் ஒன்றுதானே?
- ஒரு வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: ஃபைல் ஒன்றுதான், ஆனால் நீங்கள் சேர்த்த ஃபங்ஷன் அந்த ஃபைலுக்குள் போகவே இல்லை. எஸ்க்யூலைட்டில் நாமாகச் சேர்க்கும் ஃபங்ஷன் அந்தக் கனெக்‌ஷனோடு சரி, அதை மூடினால் போய்விடும். பைத்தானில் கனெக்‌ஷன் திறந்ததும் கிரியேட் ஃபங்ஷன் கொடுத்தீர்கள் அல்லவா, பிஎச்பியின் எஸ்க்யூலைட்3 கிளாஸிலும் அதே பெயரில் ஒன்று இருக்கிறது, அங்கேயும் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கொடுக்க வேண்டும்.

பெயர் ஒன்றாக இருந்தால் போதாது, கணக்கும் ஒன்றாக வர வேண்டும், உங்களுக்கு இது காசு விஷயம். 'கடலூர்' நம் கண்ணுக்கு நாலு எழுத்து. பைத்தானில் நீளம் சொல்லும் லென் (len) 6 என்கும், ஏனென்றால் லூவில் இருக்கும் ஊகாரக் குறியும் ர் மேல் இருக்கும் புள்ளியும் அதற்குத் தனித்தனி. எஸ்க்யூலைட்டின் லெங்த்தும் (length) 6தான். பிஎச்பியின் எஸ்டிஆர்லென் (strlen) எழுத்தை விட்டு அதைச் சேமிக்கும் பைட்டை எண்ணுவதால் 18 என்று சொல்லும்! அதனால் கொம்பு, கால் போன்ற குறிகள், புள்ளி, இடைவெளி எல்லாவற்றையும் விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் எண்ணுங்கள், பைத்தானில் ஒவ்வொன்றும் எழுத்தா குறியா என்று சொல்லும் யூனிகோட்டேட்டா (unicodedata) மாட்யூலை வைத்து, பிஎச்பியில் யூனிகோடாகப் படிக்கச் சொல்லும் யூ (u) ஃபிளாக் போட்ட ரெகுலர் எக்ஸ்பிரஷனில் (எழுத்துகளைத் தேடும் வடிவம்). அப்புறம் 'ஸ்ரீ' இருக்கிறதே, இந்த முறையில் அது இரண்டாக வரும், நீங்கள் ஒரே துண்டாக வெட்டினால் முதலிலேயே அதை ஒரு எழுத்தாக மாற்றிக்கொள்ளுங்கள். 'ஸ்ரீ முருகன்' இரண்டு பக்கமும் 5 வருகிறதா என்று பாருங்கள், இப்படி ஒரு இருபது பெயரை எழுதி வைத்து இரண்டிலும் ஓட்டிப் பார்த்த பிறகே பில் போடுங்கள்.

இந்த ஃபங்ஷனை டிரிக்கரில் (ஆர்டர் ஏறும்போது டேட்டாபேஸ் தானாக ஓட்டும் கட்டளை) வைத்துவிடாதீர்கள், ஒரு பக்கம் பதிய மறந்தாலும் ஆர்டரே ஏறாது. ஆர்டர் வாங்கும்போதே எண்ணி ஆர்டர் டேபிளில் ஒரு தனி நெடுவரிசையில் (column) எழுதிவிடுங்கள், நாளைக்கு விதியை மாற்றினாலும் பழைய பில் மாறாது.