பேட் மாற்றியும் பின் சக்கரம் கொதிக்கிறது: காலிபரை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: என் காருக்கு ஒன்பது வயது. கையால் இழுக்கும் ஹேண்ட் பிரேக் உள்ள வண்டி. பின் பிரேக் பேடுகளை மாற்றி ஆறு மாதம்தான் ஆகிறது. அதற்குள் இடது பக்கத்தில் உள்பக்க பேட் தகடு வரை தேய்ந்துவிட்டது, வெளிப்பக்க பேட் பாதிக்கு மேல் இருக்கிறது. கொஞ்ச தூரம் ஓட்டினாலே அந்தச் சக்கரம் மட்டும் கொதிக்கிறது. பேடுகளை டிஸ்க்கில் அழுத்திப் பிடிக்கும் காலிபர் ஜாம், இரண்டு காலிபர், சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் இரண்டு எல்லாம் மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். பேட் மட்டும் நானே மாற்றிக்கொண்டால் போதாதா?

பதில்: போதாது. ஆறு மாதத்தில் ஒரு பேட் தீர்ந்துபோனால் அது பேடின் குற்றமல்ல. ஏதோ ஒன்று அதை விடாமல் டிஸ்க்கில் அழுத்திக்கொண்டே இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் புது பேட் போட்டால் அடுத்த ஆறு மாதத்தில் எனக்கு இதே கடிதத்தை எழுதுவீர்கள். கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும்வரை வண்டியை எடுக்காதீர்கள். டாட் 4 பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரத்தை உறிஞ்சி உறிஞ்சி அந்த அளவு 155 டிகிரிப் பக்கம் இறங்கிவிடும். உரசும் சக்கரத்தில் அந்தச் சூடு எளிதாக வந்துவிடும். ஆயில் கொதித்தால் பெடல் அப்படியே உள்ளே போய்விடும்.

உள்பக்கம் மட்டும் தேய்ந்தால் பிஸ்டன், அதாவது காலிபருக்குள் ஆயில் அழுத்தத்தில் பேடைத் தள்ளும் உருளை, ஜாம் என்று சட்டென்று சொல்லிவிடுவார்கள். அதுதான் முதல் பொறி. காலிபர் இரண்டு ஸ்லைடு பின்களின் மேல் நகர்ந்தால்தான் வெளிப்பக்க பேட் டிஸ்க்கைப் பிடிக்கும். அந்த ஸ்லைடு பின் இறுகிவிட்டால் எல்லா வேலையும் உள்பக்க பேடின் தலையில் விழும், தேய்மானம் உங்களுக்கு வந்த மாதிரியே இருக்கும். ஆகவே காலிபரைக் கழற்றியதும் அந்தப் பின்களைக் கையால் இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் சரி. வராவிட்டால் துடைத்து, பிரேக்குக்கென்றே வரும் சிலிகோன் கிரீஸ் தடவி, கிழிந்த ரப்பர் உறையை மாற்றினால் பல வண்டிகளில் வேலை அங்கேயே முடிந்துவிடும். பட்டறை மூலையில் டப்பாவில் இருக்கும் சாதாரண கிரீஸை மட்டும் தடவ விடாதீர்கள். ரப்பர் உப்பி, ஸ்லைடு பின் முன்னைவிட மோசமாக இறுகும். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது.

அடுத்து ஹேண்ட் பிரேக். கேபிளைக் காலிபரிலிருந்து கழற்றுங்கள். சக்கரம் உடனே விடுபட்டால் கேபிள் துருப்பிடித்திருக்கிறது, காலிபர் பாவம்.

இவை இரண்டும் சரியாக இருந்தால்தான் பிஸ்டன் மேல் சந்தேகப்பட வேண்டும். ஆனால் அதற்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. யாரும் பார்க்காததால் அதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்: காலிபருக்கு ஆயில் கொண்டுபோகும் பிரேக் ஹோஸ். வெளியே பளபளவென்று இருக்கும் ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் உப்பி அடைத்திருக்கலாம். பெடலை மிதிக்கும் வேகத்தில் ஆயில் முட்டி மோதி உள்ளே போய்விடும். காலை எடுத்தால் திரும்பி வர வழியில்லை. பிஸ்டன் அழுத்திக்கொண்டே இருக்கும். புதுக் காலிபர் போடுவார்கள், அதுவும் கொதிக்கும். உடனே அந்தக் காலிபரே மட்டம் என்று இன்னொன்று போடுவார்கள். சோதிப்பது எளிது. சக்கரம் இறுகியிருக்கும்போதே வண்டியைத் தூக்கி நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை விட்டு, காலிபரில் ஆயிலை வெளியே விடும் திருகான ப்ளீடர் நிப்பிளில் ஒரு குழாயை மாட்டி, கால் சுற்று திறக்கச் சொல்லுங்கள். ஆயில் பீறிட்டு, சக்கரமும் கையில் சுற்றினால் அழுத்தம் உள்ளே சிக்கியிருந்தது என்று பொருள். மேலே, பெடலை மிதித்தால் எல்லாச் சக்கரத்துக்கும் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் கோளாறு என்றால் ஒரு சக்கரத்தோடு நிற்காது. எனவே உங்கள் விஷயத்தில் ஹோஸ்தான். நிப்பிளைத் திறந்தும் சக்கரம் அசையவில்லை என்றால் பிஸ்டன்தான் துருப்பிடித்திருக்கிறது.

இந்தச் சோதனைக்குக் கால் மணி நேரம் கூட ஆகாது. ஆனால் கண்டுபிடிப்பதற்கு யாரும் கூலி தருவதில்லை, பொருளை மாற்றினால்தான் பில். அதனால்தான் ‘இரண்டு பக்கமும் மொத்தமாக’ என்ற பல்லவி. வண்டிச் சோதனையிலும் பிரேக் பிடிக்கிறதா என்று பார்ப்பார்கள். விடுகிறதா என்று பார்ப்பவர் எத்தனை பேர்?

பேடுகளை இரண்டு பக்கமும் ஒன்றாக மாற்றத்தான் வேண்டும். டிஸ்க்கில் குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் பொறித்தே இருக்கும். அளக்கச் சொல்லுங்கள், அதற்கு மேல் இருந்து, விரிசலோ நீலம் பாய்ந்த தடமோ ஆழமான கீறலோ இல்லை என்றால் மாற்ற வேண்டாம். நன்றாக இருக்கும் வலது காலிபரை எதற்குத் தூக்கி எறிய வேண்டும்? இடது பிஸ்டனில் துரு மேலாக மட்டும் இருந்தால் சீல் கிட் (காலிபரின் ரப்பர் வளையங்கள்) போதும். குழி விழுந்திருந்தால் புதுக் காலிபர். பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள், பெட்டியை உங்கள் கண் முன்னே பிரிக்கச் சொல்லுங்கள். கம்பெனிப் பெட்டிக்குள் வேறு சரக்கை வைத்து, நடுவில் கமிஷன் அடிக்கும் ஆட்கள் இந்தத் தொழிலில் ஏராளம்.

நீங்களே செய்யலாமா? பேடையும் ஸ்லைடு பின்னையும் பார்க்கலாம், ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் வைத்து. ஆயில் பாதையைத் திறக்கும் வேலையைப் பழகியவரிடம் விடுங்கள். முன் சக்கரத்தில் பழகிய கையோடு பின் சக்கரப் பிஸ்டனைக் கிளாம்ப் போட்டு நசுக்காதீர்கள். ஹேண்ட் பிரேக்குக்காக அதற்குள் மரை இருக்கிறது. அதற்கான கருவியால் அழுத்திக்கொண்டே திருக வேண்டும், பெரும்பாலும் வலஞ்சுழியாக. காலிபரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டுங்கள். வேலை முடிந்ததும் பெடல் கெட்டியாகும்வரை மிதித்த பிறகே வண்டியை நகர்த்துங்கள். அப்புறம் பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, தொடாமல் இரண்டு பின் சக்கரங்களுக்கும் அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். இடது பக்கம் இன்னும் அதிகமாகக் கொதித்தால், புது பாகத்துக்கு ஆர்டர் போடும் முன் அந்த நிப்பிளைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.