ரோட்டில் கிடந்த கல்லை எடுக்க இறங்கியது குற்றமா?

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கமிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கடிதம் நீளமானது, விஷயத்தை மட்டும் அவருடைய சொல்லிலேயே தருகிறேன்.

“என் கணவர் ஓட்டோ ஓடுகிறவர். வேளாண்மை வெட்டு நேரம், இரவு ஏழரை மணி போல வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். ரோட்டில் பாதியை மறித்து நெல் காயப்போட்டவர்கள் பின்னேரம் நெல்லை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். படங்கு பறக்காமல் இருக்க வைத்த கற்களை அப்படியே விட்டுவிட்டார்கள். ஒரு கல்லில் முன்சில்லு ஏறி ஓட்டோ பிரளப் பார்த்திருக்கிறது. பின்னால் வருகிறவர்கள் விழுந்துவிடுவார்கள் என்று அந்த இடத்திலேயே நிற்பாட்டி, திறப்பை எடுத்துக்கொண்டு இறங்கியிருக்கிறார். அதனால் பின் லைட்டும் அணைந்துவிட்டது. ஓட்டோவின் பாதி தார் ரோட்டில்தான் நின்றது. ஐந்தாறு கல் தூக்கியிருப்பார். மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு பொடியன் ஓட்டோவின் பின்பக்கம் மோதிவிட்டான். வயது இருபத்தொன்று. கால் முறிந்து ஆசுபத்திரியில் கிடக்கிறான். 1990க்கு எடுத்து அம்புலன்ஸ் கூப்பிட்டதும், பொலிசுக்குச் சொன்னதும் என் கணவர்தான். இப்போது ஓட்டோ பொலிசில் நிற்கிறது. பொடியனின் வீட்டார் ஆறு லட்சம் கேட்கிறார்கள். ஊரில் எல்லோரும், உனக்கு ஏன் இந்த வேலை, விலத்திப் போயிருக்கலாமே என்கிறார்கள். ஐயா, கல்லை எடுக்க நின்றது குற்றமா? பார்த்தும் பாராமல் போயிருந்தால் எங்களில் பிழை இல்லையா? கல்லை வைத்தவர்களை ஏன் ஒருவரும் கேட்கவில்லை?”

தங்கச்சி, உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். அதைச் சொன்னால்தான் மற்ற இரண்டும் விளங்கும்.

உங்கள் கணவர் அந்தக் கற்களைக் கண்டும் விலத்திக்கொண்டு போயிருந்தால், சட்டம் அவரை ஒன்றும் கேட்டிருக்காது. நட்டஈட்டு வழக்குகளில் நமது இலங்கை நீதிமன்றங்கள் பின்பற்றுவது, ஒல்லாந்தர் காலத்தில் வந்த உரோம-டச்சுச் சட்டம். நீ உண்டாக்காத ஆபத்தை நீ போய் நீக்கத்தான் வேண்டும் என்று அது ஒரு சாதாரண வழிப்போக்கனைக் கட்டாயப்படுத்துவதில்லை. சும்மா இருந்ததற்காக ஒருவர் பொறுப்பாவதென்றால் அதற்கு ஒரு தொடர்பு வேண்டும். அந்த ஆபத்தை அவரே உண்டாக்கியிருக்க வேண்டும், அல்லது அந்த இடம் அவருடைய கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும், அல்லது காப்பாற்றுவதே அவருடைய கடமையாக இருக்க வேண்டும். 1975இல் தென்னாப்பிரிக்காவில் ஒரு வழக்கு. பொலிஸ் நிலையத்துக்குள் ஒருவர் அடிவாங்கும்போது மற்றப் பொலிசார் பார்த்துக்கொண்டு நின்றதற்கு, அரசு நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. அங்கும் உரோம-டச்சுச் சட்டமே அடிப்படை என்பதால் நம் நீதிமன்றங்களிலும் அந்தத் தீர்ப்புகளை எடுத்துக்காட்டுவதுண்டு. ஆனால் அது பொலிசாரின் கடமையைப் பற்றிய தீர்ப்பு. ஓட்டோக்காரருக்கு அப்படி ஒரு கடமை கிடையாது.

இதைப் படித்துவிட்டு, அப்போ பார்த்தும் பாராமல் போவதுதான் நல்லது என்று யாரும் எடுத்துக்கொண்டால் நான் எழுதியதற்குப் பலனில்லை. சில வருடங்களுக்கு முன் செங்கலடியிலிருந்து மகாஓயாப் பக்கம் ஒரு வேலையாகப் போனேன். பழுதான லொறிக்கு அடை கொடுத்த கருங்கல் ஒன்று ரோட்டின் நடுவில் கிடந்தது. லொறி போய்விட்டது, கல் மட்டும் மிச்சம். நேரம் போய்விட்டது என்று நான் விலத்திக்கொண்டு போனேன். பின்னேரம் திரும்பி வரும்போது அந்த இடத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் நசுங்கிக் கிடந்தது. ஓட்டியவர் பிழைத்துக்கொண்டார். என்னை ஒருவரும் கேட்கவில்லை, கேட்கவும் முடியாது. ஆனால் அந்தக் கல்லைத் தூக்க எனக்கு இரண்டு நிமிடம் போதும். அதை இன்றும் மறக்க முடியவில்லை. உங்கள் கணவர் செய்தது நல்ல காரியம். ஊர் என்ன சொன்னாலும் அதை அவரிடம் நீங்கள் சொல்லுங்கள்.

சரி, இனி வழக்கு. கல்லை எடுக்க நின்றது குற்றமில்லை. நின்ற விதத்தில்தான் கேள்வி வரும். நீங்கள் கவனிக்க வேண்டிய இடமும் இதுதான். நிற்கும்வரை ஆபத்து கல்லில் இருந்தது. இருட்டில், வெளிச்சம் இல்லாமல், பாதி தார் ரோட்டில் வண்டி நின்றதும் அதுவும் ஒரு ஆபத்தாகிவிட்டது. அந்த இரண்டாவது ஆபத்தை உண்டாக்கியவர் உங்கள் கணவர். போக்குவரத்துப் பொலிசார் அதைத்தான் பிடிப்பார்கள். இரவில் வீதியில் நிற்கும் வண்டிக்கும் வெளிச்சம் வேண்டும்; மற்றவர்களுக்கு இடைஞ்சலாக நிறுத்தவும் கூடாது. நல்ல எண்ணத்தோடு நின்றேன் என்பது இதற்கு முழுப் பதில் ஆகாது. ஆனால் பெறுமதி இல்லாத பதிலும் இல்லை. திடீரென்று வந்த ஆபத்தில், யோசிக்க நேரமில்லாமல், பிறரைக் காப்பாற்ற ஒருவர் செய்ததை, ஆறுதலாக இருந்து யோசித்துச் செய்த காரியத்தைப் போல நீதிமன்றம் நிறுத்துப் பார்ப்பதில்லை. ஒரு சாதாரண, கவனமுள்ள ஆள் அந்த நிமிடத்தில் அந்த இடத்தில் என்ன செய்திருப்பார் என்றுதான் பார்க்கும்.

மனதில் உள்ளதை மறைக்காமல் சொல்கிறேன். லைட் அணைந்திருந்தது உங்கள் பக்கத்துப் பலவீனம். கொஞ்சப் பங்கு உங்கள் கணவருக்கு வரும் என்றுதான் நினைக்கிறேன். முழுப் பங்கும் வராது.

பங்கு என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், காயப்பட்டவரின் பக்கத்திலும் கவனக்குறைவு இருந்தால் அந்த அளவுக்கு நட்டஈட்டைக் குறைக்கச் சொல்கிறது. பல பேர் சேர்ந்து பொறுப்பு என்றால் அவர்களுக்குள் பிரிக்கவும் இடம் தருகிறது. பொடியனின் மோட்டார் சைக்கிளுக்கு முன் லைட் சரியாக எரியவில்லை என்று இரண்டு பேர் சொன்னதாகக் கடிதத்தில் ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அது முக்கியம். அந்த இருவரின் பெயரையும் குறித்து வையுங்கள். மோட்டார் சைக்கிளைப் பரிசோதித்த அறிக்கை பொலிசில் இருக்கும். உங்கள் சட்டத்தரணி அதைக் கேட்டுப் பார்க்கட்டும். ஆனால் பொடியன் ஹெல்மெட் போடவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள், அதை வைத்துப் பெரிதாக வாதாட வேண்டாம். முறிந்தது கால். ஹெல்மெட் போட்டிருந்தாலும் அது முறிந்திருக்கும். அதைத் திரும்பத் திரும்பச் சொன்னால், உங்கள் பக்கத்தில் வேறு நியாயம் இல்லைப்போல என்றுதான் கேட்பவர் நினைப்பார்.

கல்லை வைத்தவர்களை ஒருவரும் கேட்கவில்லை என்ற உங்கள் கோபம் நியாயமானது. நமது பக்கத்தில் வெட்டு முடிந்தால் ரோடுதான் களம். காய வைக்க வேறு இடமில்லாத விவசாயியின் கஷ்டம் எனக்குத் தெரியும்; ஈர நெல்லைக் கொண்டுபோனால் வியாபாரி சொல்வதுதான் விலை. அதற்காக இருட்டில் கல்லை விட்டுவிட்டுப் போக முடியாது. பொதுவழியில் ஆபத்தோ தடையோ உண்டாக்குவது தண்டனைச் சட்டக்கோவையின் கீழ் குற்றம். நட்டஈட்டுப் பொறுப்பு வேறாக இருக்கிறது. பொடியன் மோதியது கல்லில் இல்லையே, ஓட்டோவில்தானே என்று கல்லை வைத்தவர் பக்கம் கேட்கும். அதற்கும் பதில் உண்டு. இரவில் ரோட்டில் கல் கிடந்தால் யாராவது அதை எடுக்க நிற்பார்கள், அப்படி நிற்பவருக்கோ பின்னால் வருகிறவருக்கோ ஆபத்து வரலாம் என்பது எவரும் முன்கூட்டியே நினைக்கக்கூடியது. அதனால் வழக்கு வந்தால் நெல் காயப்போட்டவரையும் உள்ளே இழுக்கலாம். பெரிய போடியாரோ சின்ன விவசாயியோ, யாருடைய நெல் என்று இப்போதே விசாரித்து வையுங்கள். பிறகு தேடினால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

அடுத்தது, நீங்கள் இப்போது செய்ய வேண்டியவை. பொலிசார் நீதவான் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டால், குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணத்தைக் கட்டிவிட்டு ஓட்டோவை எடுத்துக்கொண்டு வா என்று பல பேர் சொல்வார்கள். ஓட்டோ நின்றால் அடுப்பு எரியாது, அந்த அவசரம் எனக்கு விளங்குகிறது. ஆனால் அங்கே ஒப்புக்கொண்டதை மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்கில் எடுத்துக் காட்டுவார்கள். ஓட்டோவை விடுவிக்கத் தனியாக விண்ணப்பம் செய்யலாம். அதற்குக் குற்றத்தை ஒப்புக்கொள்ளத் தேவையில்லை. சட்டத்தரணியைப் பிடிக்க வசதியில்லை என்றால் மட்டக்களப்பில் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையம் இருக்கிறது, வருமானத்தைப் பார்த்து இலவசமாகச் செய்து தருவார்கள். ஒப்புக்கொள்வதா இல்லையா என்பதைச் சட்டத்தரணி ஒருவர் பொலிஸ் குறிப்புகளைப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

ஆறு லட்சத்துக்கு ஒரு கடதாசியிலும் கையெழுத்து வைக்க வேண்டாம். கோயில் தலைவர் முன்னால் என்றாலும் சரி, கிராம உத்தியோகத்தர் முன்னால் என்றாலும் சரி. ஓட்டோவுக்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம் இருந்திருக்கும். நிற்கும் வண்டியும் வீதியில் பாவனையில் உள்ள வண்டிதான் என்று வாதாட இடமுண்டு, அதனால் காப்புறுதிக் கம்பனிக்கு எழுத்தில், பதிவுத் தபாலில் உடனே அறிவியுங்கள். கம்பனிக்குச் சொல்லாமல் நீங்களாக ஒரு தொகையை ஒத்துக்கொண்டால் அவர்கள் கையை விரித்துவிடுவார்கள். பொடியனின் வீட்டார் வழக்குப் போடுவதற்கு இரண்டு வருடம் இருக்கிறது. 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. தொகை சட்டம் சொல்லும் வரம்புக்குள் என்றால் முதலில் இணக்கசபைக்குத்தான் போக வேண்டிவரும். அது உங்களுக்கு நல்லது. அங்கே கல்லை வைத்தவரையும் கூப்பிட்டு இருத்தி, ஆளுக்கு இவ்வளவு என்று பேசி முடிக்க வாய்ப்பிருக்கிறது.

பொடியனைப் பார்க்கப் போகலாமா என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். போங்கள். கையில் கொஞ்சம் பழம் வாங்கிக்கொண்டு போங்கள். பார்க்கப் போனது குற்றத்தை ஒப்புக்கொண்டதாகாது. விபத்து நடந்ததும் நின்றதும், அம்புலன்ஸ் கூப்பிட்டதும், பொலிசுக்கு அறிவித்ததும் ஒரு சாரதி செய்ய வேண்டிய கடமைகள். அவற்றை உங்கள் கணவர் சரியாகச் செய்திருக்கிறார். அங்கே போய், “எல்லாம் என்னில்தான் பிழை” என்று மட்டும் சொல்ல வேண்டாம். துக்கத்தில் நம் ஆட்கள் அப்படிச் சொல்லிவிடுவார்கள்.

இதைப் படிக்கும் மற்றச் சாரதிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கல்லைக் கண்டால் நில்லுங்கள், ஆனால் கல்லுக்குப் பக்கத்தில் நிற்காதீர்கள். தாரை விட்டு முழுவதும் இடப்பக்கம் இறக்கி நிறுத்த இடம் கிடைக்கும்வரை போங்கள். ஐம்பது மீற்றர் தள்ளி என்றாலும் பரவாயில்லை, நடந்து வரலாம். லைட் எரியட்டும், சிக்னல் லைட் இரண்டும் மின்னட்டும். கூட ஆள் இருந்தால் போன் டோர்ச்சோடு பின்பக்கம் அனுப்புங்கள். எடுத்த கல்லைத் தார்க்கரையில் வைத்துவிட்டு வரக்கூடாது. அந்தக் கரையில்தான் சைக்கிள்காரர் வருவார், அந்தக் கல் இனி உங்கள் கல். நீங்கள் உண்டாக்கிய ஆபத்துக்குச் சட்டம் உங்களைத்தான் கேட்கும். எச்சரிக்கையாகக் கொப்பு முறித்துப் போடுவது நம் வழக்கம். வேலை முடிந்ததும் அந்தக் கொப்பையும் எடுத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

கையால் தூக்க முடியாததற்கு இறங்கவே வேண்டாம். மாரியில் மரம் விழுந்து கிடந்தால் பொலிசின் 119க்கோ அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கோ எடுங்கள். கரண்ட் கம்பி என்றால் கிட்டப் போகாமல், மின்சார முறைப்பாட்டுக்கான 1987 என்ற இலக்கத்துக்கு எடுங்கள். யானை நிற்கும் பாதையில் கல்லாவது மரமாவது, இறங்கக்கூடாது. ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரே இடத்தில் இந்தக் கூத்து நடந்தால், வீதி யாருடையது என்று பார்த்து, வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கோ பிரதேச சபைக்கோ எழுதுங்கள், பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் சரிவராவிட்டால் 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை 98ஆம் பிரிவின்படி, பொதுவழித் தடையை அகற்றச் சொல்லி நீதவான் கட்டளையிடலாம். ஊருக்குள் நான்கைந்து பேர் சேர்ந்து பொலிசில் முறைப்பாடு கொடுத்தால் அதற்கு வழி பிறக்கும்.

தங்கச்சி, கடைசியாக ஒன்று, இதை நாளைக்கே செய்யுங்கள். உங்கள் கணவர் தூக்கியது ஐந்தாறு கல்தான் என்றீர்கள். மிச்சக் கற்கள் இன்னும் அங்கே கிடந்தால், பகலில் ஆளோடு போய், ரோட்டின் அகலம் தெரிய, கிட்ட உள்ள கட்டையோ போஸ்டோ தெரிய, ஒவ்வொன்றையும் படம் எடுங்கள். ரோட்டோரத்தில் சிந்திக் கிடக்கும் நெல்லையும் எடுங்கள். எடுத்த பிறகு, கற்களைத் தூக்கித் தூரப் போட்டுவிட்டு வாருங்கள்.