தட்டணுக்களை உயர்த்தும் ஊசி: அம்மாவுக்குப் போடலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 58. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து, ஆக்ஸாலிப்ளாட்டின் சேர்ந்த கீமோ நடக்கிறது. ஐந்தாவது சுற்றுக்குப் போனபோது பிளேட்லெட் (தட்டணு) 54,000 தான் இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டு வாரம் கழித்தும் 61,000-ஐத் தாண்டவில்லை. வாரம் ஒருமுறை ரோமிப்ளோஸ்டிம் ஊசி போட்டுப் பார்க்கலாம் என்கிறார் டாக்டர். முன்பு வெள்ளணுக்களுக்குப் போட்ட ஊசியே போதாதா? இந்த ஊசி புற்றுநோயை வளர்த்துவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது. பப்பாளி இலைச் சாறு கொடுக்கலாமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: வெள்ளணுக்களுக்குப் போட்டது ஃபில்கிராஸ்டிம் வகை ஊசியாக இருக்கும், அது தட்டணுக்களை உயர்த்தாது. தட்டணு உற்பத்தியைத் தூண்டும் த்ராம்போபாய்டின் என்ற ஹார்மோனைக் கல்லீரல்தான் பெரும்பாலும் சுரக்கிறது. ரோமிப்ளோஸ்டிம் அந்த ஹார்மோனின் வேலையைச் செய்து, எலும்பு மஜ்ஜையில் தட்டணுக்களை உருவாக்கும் பெரிய செல்களைத் தூண்டுகிறது. 1997-இல் அமெரிக்காவில் இதே நோக்கத்துக்காக அனுமதி பெற்ற இன்டர்லூகின்-11 ஊசி, உடலில் நீர் கோத்துக்கொள்வது, இதயத் துடிப்பு தாறுமாறாவது போன்ற தொல்லைகளைத் தந்ததால் பரவலாக நிலைக்கவில்லை.

ரோமிப்ளோஸ்டிம் 2008-இல் அங்கே அனுமதி பெற்றது ஐ.டி.பி. என்ற வேறொரு தட்டணுக் குறைபாட்டுக்காக. கீமோவால் வரும் குறைவுக்கு மருத்துவர்கள் அனுபவத்தையும் ஆய்வுகளையும் வைத்தே அதைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனை 2019-இல் வெளியிட்ட ஆய்வில், ஊசி போட்டுக்கொண்டவர்களில் சுமார் 85 விழுக்காட்டினருக்கு மூன்று வாரத்துக்குள் எண்ணிக்கை ஒரு லட்சத்தை எட்டியது. அவர்களில் பெரும்பாலோர் கீமோவைத் தொடர முடிந்தது.

ஆனால் ஊசிக்கு முன்னால், தட்டணுக்கள் ஏன் குறைந்தன என்று பார்த்தாக வேண்டும். ஆக்ஸாலிப்ளாட்டின் கல்லீரலின் நுண்ணிய ரத்தக் குழாய்களைப் பாதித்து மண்ணீரலை வீங்க வைப்பதுண்டு; வீங்கிய மண்ணீரல் தட்டணுக்களைத் தன்னுள்ளே தேக்கிக்கொள்ளும். வைட்டமின் பி12, ஃபோலேட் குறைபாடும், கிருமித் தொற்றும், உடன் சாப்பிடும் வேறு மருந்துகளும் காரணமாகலாம். ஆகவே ஒரு ஸ்கேனும் இந்தப் பரிசோதனைகளும் ஆகிவிட்டனவா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஆக்ஸாலிப்ளாட்டினின் அளவைக் குறைப்பதோ, அதை மட்டும் நிறுத்திவிட்டு மற்ற மருந்தைத் தொடர்வதோ அம்மாவின் நோய்நிலைக்குப் போதுமா என்பதையும் அப்போதே கேளுங்கள். சில நோயாளிகளுக்கு அதுவே சரியான வழியாக இருக்கும்.

புற்றுநோய் வளருமோ என்ற பயம் நியாயமானதுதான். இந்த மருந்து பற்றிக்கொள்ளும் ஏற்பி முக்கியமாக ரத்தம் உண்டாக்கும் செல்களில்தான் இருக்கிறது. எம்.டி.எஸ். போன்ற மஜ்ஜை நோய் உள்ளவர்களுக்கு இதைத் தவிர்ப்பது அதனால்தான். பெருங்குடல் புற்றுநோயில் நான் அதிகம் கவலைப்படுவது ரத்தக் கட்டி உருவாவதைப் பற்றி. புற்றுநோயே ரத்தம் உறையும் போக்கைக் கூட்டும். தட்டணுக்கள் வேண்டிய அளவுக்கு மேல் ஏறினால் அது இன்னும் கூடும். எனவே எண்ணிக்கையை வாரந்தோறும் பார்த்து, உடல் எடைக்கேற்ப அளவை மாற்றிப் போட வேண்டும். கீமோவைத் தொடர ஒரு லட்சத்தை ஒட்டிய எண்ணிக்கையே போதும். நான்கு லட்சத்துக்கு ஏற்ற முயல வேண்டியதில்லை. ஒரு காலில் மட்டும் வீக்கமோ வலியோ, திடீர் மூச்சுத் திணறலோ வந்தால் அடுத்த ஊசி வரை காத்திருக்கக் கூடாது.

பப்பாளி இலைச் சாறு டெங்குக் காலத்தில் நம் ஊர்களில் பரவியது. கீமோவால் மஜ்ஜை ஒடுங்கிய நிலையில் அது பயன்படும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. வாந்தியும் வயிற்றுப்போக்கும் சேர்ந்தால் அம்மா மேலும் தளர்ந்துபோவார்கள். கொடுக்க வேண்டாம்.

ஊசி வேலை செய்யத் தொடங்க ஒரு வாரம் வரை ஆகும் என்பதால் அவசரத்துக்கு அது உதவாது. இடையில் ஆஸ்பிரினும், டாக்டரைக் கேட்காமல் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளும் வேண்டாம். மூக்கிலோ ஈறிலோ ரத்தம் நிற்காமல் வந்தாலும், மலம் கறுத்துப் போனாலும், கடும் தலைவலி வந்தாலும் இரவானாலும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே தேவைப்பட்டால் தட்டணுக்களையே ஏற்றுவார்கள்.