பார்வைக் கௌதாரியும் மெமரி கார்டும்

ஐயா,

சின்ன வயதில் கௌதாரி தின்றதைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எனக்குத் திருவாரூர்ப் பக்கம், நடவுக் காலத்தில் எங்கள் வீட்டில் மடையான் கொக்குக் கறி உண்டு. தலைமுறையாகத் தின்றோம், பறவை அழிந்துவிடவில்லை. ஏரியைத் தூர்த்தவனையும் வயலில் மருந்தடித்தவனையும் விட்டுவிட்டு, நாலு கொக்கு பிடித்தவனை வனத்துறை கொண்டுபோகிறது. ருசியை எல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் 'இப்போது தின்னக் கூடாது' என்றீர்களே, அது வேஷமாகப் பட்டது. தவறென்றால் மன்னிக்கவும்.

எம்.

அன்புள்ள எம்.,

வேஷம் கொஞ்சம் இருக்கிறது. அதை எழுதும்போது எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது நிஜம்.

எங்கள் மேட்டுக்காட்டுக்குக் கௌதாரி பிடிக்க வருபவர் கையில் ஒரு கூண்டு, உள்ளே பழக்கிய சேவல் கௌதாரி, அவ்வளவுதான் இருக்கும். விடிகிற நேரத்தில் வேலியோரம் கூண்டை வைத்துச் சுற்றிலும் கண்ணி கட்டுவார். உள்ளே இருப்பது கத்தியதும், 'எவன்டா என் இடத்தில்' என்று காட்டில் திரியும் சேவல் கௌதாரி சண்டைக்கு ஓடிவந்து காலை மாட்டிக்கொள்ளும். இப்படிப் பழக்கி வைக்கும் பிராணிக்குத் தமிழில் 'பார்வை' என்று பேர், சங்கப் பாட்டிலேயே இருக்கிற சொல். ஒரு காலைக்கு இரண்டு கிடைக்கும், அதிர்ஷ்டம் இருந்தால் மூன்று. வெயில் ஏறினால் கௌதாரியும் அடங்கிவிடும், ஆளும் கிளம்பிவிடுவார்.

இப்போது நரம்பு வலை, ஸ்பீக்கர், காடை கத்துவதைப் பதிந்த ஒரு மெமரி கார்டு. அதற்குத் தொண்டை கட்டாது, ராத்திரி முழுக்கக் கத்தும். கூட்டமாக இறங்குவது கூட்டமாகவே சாக்குக்குள் போகிறது, காடையோடு மாட்டிய மற்றதும் சேர்த்து. சில இடங்களில் அந்தப் பொறுமையும் கிடையாது, வயலுக்குப் போடும் குருணை மருந்தை இரையில் கலந்து வைத்துவிட்டு, விழுவதைப் பொறுக்கி அறுத்து விற்கிறார்கள். நீங்கள் திட்டுகிற அதே மருந்துதான், எம்., சட்டிக்குள்ளும் வருகிறது.

ஏரியைத் தூர்த்தவனைப் பற்றிச் சொன்னது சரி. பிடிபட்டவரைப் பற்றிச் சொன்னதில் எனக்கும் பாதிச் சம்மதம். 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு குருவிக்காரர் குருவி பிடித்தால் வழக்கு. நரிக்குறவரோடு குருவிக்காரரையும் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் சட்டம் வந்ததோ 2023-ல். தொழில் போய் ஐம்பது வருஷம் கழித்து, அதே தொழிலின் பேரைப் போட்டு ஒரு சான்றிதழ். கறி வாங்குகிறவர் காரில் வருகிறார். இவருக்குக் கேஸ், அவருக்குக் கறி. எனக்குக் கோபம் அந்தக் கார்க்காரர் மேல்தான், அவர் பசிக்குத் தின்கிறவர் இல்லை.

ஹோட்டல் காடையைத் தின்பேன், மறைப்பதற்கில்லை. அது ஜப்பானியக் காடை, 1974-ல் உத்தரப் பிரதேசத்து இஸ்ஸத்நகர் ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்து அங்கிருந்து பரவியது, ஐந்தாறு வாரத்தில் கறிக்குத் தயார். ருசியில் கோழிக்கு ஒன்றுவிட்ட தம்பி. 'காட்டுக் காடை சார்' என்று காதோடு சொல்லி இரட்டை விலை கேட்பவரிடமும் பல நேரம் இருப்பது அதே பண்ணைச் சரக்குதான்.

மன்னிப்பெல்லாம் எதற்கு? உங்கள் வீட்டில் மடையானை எப்படிச் சமைப்பார்கள் என்று எழுதுங்கள். எங்கள் பக்கம் அது கிடைத்ததில்லை, இனி தின்னப்போவதும் இல்லை, சும்மா தெரிந்துகொள்ளத்தான்.