காலையில் கத்தாமல் பிள்ளையைப் பள்ளிக்குக் கிளப்ப முடியுமா?

கேள்வியில் நீங்கள் எழுதியிருப்பது இதுதான்: மகனுக்கு 6 வயது, ஒன்றாம் வகுப்பு. மகளுக்கு 2 வயது. இருவரும் வேலைக்குப் போகிறீர்கள். 7.40-க்கு வேன். தினமும் கத்தல், அழுகை, சில நாள் முதுகில் ஒரு அடி. அப்புறம் ஆபீஸில் உட்கார்ந்து மனசு கேட்காமல் தவிப்பு.

இதற்கு "குழந்தைதானே, கொஞ்சம் பொறுமையாக இருங்கள்" என்று பதில் எழுதுபவர்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. பொறுமை இல்லாமலா ஒருத்தி ஐந்து மணிக்கு எழுந்து இரண்டு அடுப்பில் சமையலை முடிக்கிறாள்? எழுந்திரு, பல் தேய், துப்பு, கையைக் கழுவு, வாயைத் திற, மென்னு முழுங்கு, கையைத் தூக்கு, காலை நீட்டு. பிள்ளை எழுந்ததிலிருந்து வேன் ஏறும்வரை நீங்கள் சொல்லும் ஏவல்களை ஒரு நாள் எண்ணிப் பாருங்கள். அத்தனையையும் சாந்தமாகச் சொல்ல யாராலும் முடியாது. பொறுமையைக் கூட்டுவதை விட்டுவிட்டு ஏவல்களைக் குறையுங்கள். அதற்கான வேலை பெரும்பாலும் முதல் நாள் மாலையிலேயே முடிந்துவிடும்.

முதலில் கத்தல் ஏன் பலிப்பதில்லை என்று தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜெரால்ட் பேட்டர்சன் என்ற உளவியலாளர், வீடுகளுக்கே ஆள் அனுப்பி, பெற்றோரும் பிள்ளையும் மோதிக்கொள்வதை நிமிடவாரியாகப் பதிவு செய்து ஆராய்ந்தவர். அவர் கண்டது இது. அம்மா ஒன்று சொல்கிறார், பிள்ளை சிணுங்குகிறது, அம்மா "சரி, போ" என்று விட்டுவிடுகிறார். சிணுங்கினால் தப்பிக்கலாம் என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது. இன்னொரு நாள் அம்மா உச்சக் குரலில் கத்துகிறார், பிள்ளை உடனே கேட்கிறது. கத்தினால்தான் நடக்கும் என்று அம்மா கற்றுக்கொள்கிறார். இரண்டு பேருக்கும் அந்த நேரத்துக்குப் பலன் கிடைப்பதால் இருவருமே நாளுக்கு நாள் சத்தத்தைக் கூட்டுகிறார்கள். உங்கள் மகன் முதல் நான்கு தடவை காதில் வாங்காதது திமிரால் அல்ல. ஐந்தாவது தடவை குரல் மாறும்போதுதான் அம்மா நிஜமாகச் சொல்கிறார் என்று அவன் அனுபவத்தில் அறிந்து வைத்திருக்கிறான்.

அடுத்து தூக்கம். நேரம் இல்லாதவர்கள் இதை மட்டும் சரிசெய்தாலே பாதிச் சண்டை போய்விடும். 6 வயதுக்கு ஒரு நாளில் 9 முதல் 12 மணி நேரம், 2 வயதுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் தூக்கம் தேவை என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016-ல் வரையறுத்தது. 6.15-க்கு எழ வேண்டிய பையன் இரவு 10.30-க்குத் தூங்கினால் ஏழே முக்கால் மணி நேரம்தான் ஆகிறது. அந்தக் குறையோடு எழும் பிள்ளை பெரியவர்களைப் போலச் சோர்ந்து உட்காராது. அடம் பிடிக்கும், துள்ளும், சின்ன விஷயத்துக்கெல்லாம் அழும்.

இதைத் தெரிந்துகொண்டு இன்றைக்கே 8.30-க்கு விளக்கை அணைத்தால் வேலைக்கு ஆகாது. தூக்கம் வராமல் புரண்டு புரண்டு, படுக்கை என்றாலே அவனுக்கு வெறுப்பாகிவிடும். முதலில் எழும் நேரத்தை நிலைப்படுத்துங்கள். ஞாயிற்றுக்கிழமையும் 7.15-ஐத் தாண்டக் கூடாது. அதன்பின் படுக்கும் நேரத்தை இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை 15 நிமிடம் முன்னே கொண்டுவாருங்கள். 10.30-லிருந்து 8.30-க்கு வர எட்டுப் படி, ஏறக்குறைய மூன்று வாரம் பிடிக்கும். நடுவில் இதைக் கெடுப்பவை: பள்ளி விட்டு வரும் வேனில் தூங்கிவிடுவது, மாலை 4 மணிக்கு மேல் போடும் குட்டித் தூக்கம், இரவில் ஹாலில் எரியும் ட்யூப்லைட், டிவி. பிரகாசமான வெளிச்சம் தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் சுரப்பைத் தள்ளிப்போடும். பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்கு இது இன்னும் அதிகம். 7.45-க்கு மேல் அறையில் ஒரு சின்ன மஞ்சள் பல்பு போதும்.

"அப்பா வர ஒன்பது மணி ஆகிறது, அவரைப் பார்க்காமல் தூங்க மாட்டேன் என்கிறான்" என்று நிறைய வீடுகளில் சொல்வார்கள். அப்பாவின் நேரத்தைக் காலைக்கு மாற்றுங்கள். எழுப்புவது முதல் யூனிபார்ம் மாட்டுவது வரை முழுக்க அவர் பொறுப்பு. "கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்க" என்று கேட்டு வாங்கும் உதவியில் ஒவ்வொன்றையும் நீங்களே நினைவுபடுத்த வேண்டியிருக்கும். அதுவும் ஏவல் கணக்கில்தான் சேரும். ஒரு வேலையை முழுதாக ஒப்படைத்தால் அவர் எப்படிச் செய்கிறார் என்று எட்டிப் பார்க்காதீர்கள். தலை வகிடு கோணலாக இருந்தால் இருக்கட்டும்.

இரவிலேயே முடிய வேண்டியவை சில உண்டு. குளியலை 7.30-க்கு, சாப்பாட்டுக்குப் பிறகு மாற்றிவிடுங்கள். காலையில் முகம் கை கால் கழுவினால் போதும். சென்னை வெயிலில் காலைக் குளியல் வேண்டும் என்பவர்கள் இரண்டு சொம்புத் தண்ணீரில் முடிக்கலாம், சோப்பும் தலைக்குளியலும் இரவோடு போகட்டும். யூனிபார்மை ஒரு பிளாஸ்டிக் கூடையில் மாட்டும் வரிசைக்குத் தலைகீழாக அடுக்குங்கள். அடியில் டையும் ஐடி கார்டும், அதன்மேல் பெல்ட், சாக்ஸ், டிராயர், சட்டை, பனியன், எல்லாவற்றுக்கும் மேலே ஜட்டி. மேலேயிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மாட்டினால் அவனே முடித்துவிடுவான். "அடுத்து என்ன?" என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. சாக்ஸ் ஒரே நிறத்தில் ஐந்தாறு ஜோடி இருக்கட்டும். மழைக்காலத்தில் காயாத சாக்ஸ்தான் பல வீடுகளில் காலைச் சண்டையின் தொடக்கம். கயிறு கட்டும் ஷூ வேண்டாம், பட்டை ஒட்டும் ஷூ வாங்குங்கள். டிபன் டப்பா மூடியை அவனே திறக்கிறானா என்று வீட்டில் சோதித்துப் பார்க்க வேண்டும். திறக்க முடியாமல் பாதிச் சோற்றோடு திரும்பும் பிள்ளைக்கு மாலை நாலரைக்கு வரும் கோபம் பசிக் கோபம்.

"பத்து நிமிஷத்துல கிளம்பணும்" என்பது ஆறு வயதுக்குப் புரியாது. பத்து நிமிடம் எவ்வளவு நீளம் என்ற கணக்கு அந்த வயதில் இல்லை. முள் வைத்த சுவர்க் கடிகாரம் ஒன்றை அவன் கண் உயரத்தில் மாட்டி, கண்ணாடிமேல் மூன்று ஸ்டிக்கர் பொட்டு ஒட்டுங்கள். 6-ல் சிவப்பு, 11-ல் பச்சை, 4-ல் நீலம். பெரிய முள் சிவப்புக்கு வரும்போது (6.30) பல் தேய்த்து முகம் கழுவி முடித்திருக்க வேண்டும். பச்சைக்கு வரும்போது (6.55) சாப்பாடு முடியும். நீலத்துக்கு வரும்போது (7.20) யூனிபார்ம் மாட்டியாகிவிடும். மறுபடி சிவப்புக்கு வந்தால் (7.30) ஷூ. இப்போது அவனை விரட்டுவது கடிகாரம். நீங்கள் "முள் எங்கே இருக்கு, பாரு" என்று கேட்டால் போதும்.

சாப்பிட்ட பிறகுதான் யூனிபார்ம் என்று வைத்ததற்குக் காரணம் சாம்பார்க் கறை மட்டும் அல்ல. வயிற்றுக்குள் உணவு போனதும் பெருங்குடல் அசையத் தொடங்கும், பலருக்கும் மலம் கழிக்கும் உணர்வு அப்போதுதான் வரும். சாப்பிட்டுப் பத்து நிமிடத்தில் கழிவறையில் ஐந்து நிமிடம் உட்கார வையுங்கள். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலுக்கடியில் ஒரு முக்காலி. கால் தொங்கினால் முக்க முடியாது. வேன் அவசரத்தில் இதை விட்டுவிடும் பிள்ளைகள் பள்ளியிலும் போகாமல் அடக்கி, மலச்சிக்கலாகி, காரணம் சொல்லத் தெரியாமல் நாள் முழுக்கச் சிடுசிடுவென்று இருக்கும்.

எழுந்தவுடன் பசி வராது, 20 நிமிடமாவது ஆகும். இரண்டு இட்லி போதும். 20 நிமிடத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். மீதிக்கு ஸ்நாக்ஸ் டப்பாவில் ஒரு வாழைப்பழம் போகட்டும். இதுவரை ஊட்டிவிட்டுப் பழக்கியிருந்தால், தானே சாப்பிடும் பழக்கத்தைச் சனிக்கிழமை தொடங்குங்கள், திங்கட்கிழமை வேண்டாம்.

சொல்லியே ஆக வேண்டிய ஏவல்களுக்கும் ஒரு முறை உண்டு. அடுக்களையிலிருந்து கூப்பிடாதீர்கள். அருகில் போய், குனிந்து, பெயர் சொல்லி, ஒரே ஒரு வேலையைச் சொல்லுங்கள். "ஷூ போடலாமா?" என்று கேட்டால் "வேண்டாம்" என்பதும் நியாயமான பதில்தான். ஆகவே "ஷூ போடு" என்று சொல்லுங்கள். "ஓடாதே" என்பதைவிட "கையைப் பிடிச்சுக்கோ" நடக்கும். சொல்லிவிட்டு மனதுக்குள் ஐந்து எண்ணும்வரை வாய் திறக்காமல் நில்லுங்கள். உண்மையில் கடினமான இடம் இதுதான். அந்த ஐந்து எண்ணுவதற்குள் நாம் அதையே மறுபடி சொல்லிவிடுகிறோம், அவன் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. செய்துவிட்டால் உடனே, எதற்கென்று சேர்த்துப் பாராட்டுங்கள்: "சொன்னதும் ஷூ போட்டுட்டியே!" வெறும் "குட் பாய்" எதற்காக என்று அவனுக்குத் தெரியாது. செய்யாவிட்டால் கையைப் பிடித்து, பேசாமல், சேர்ந்து செய்து முடியுங்கள்.

7.30-க்குத் தயாராகிவிட்டால் மிச்சமிருக்கும் பத்து நிமிடம் அவனுடையது. வாசலில் சைக்கிள், பந்து, அப்பாவின் முதுகில் உப்பு மூட்டை, எதுவானாலும் சரி. பிடிக்காத வேலைக்குப் பின்னால் பிடித்த வேலையை வைத்தால் முதலாவது வேகமாக நடக்கும் என்று டேவிட் பிரேமாக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1959-லேயே எழுதினார். டிவி மட்டும் கூடாது. அதை நிறுத்துவது இன்னொரு சண்டை. தாமதமானால் அந்தப் பத்து நிமிடம் போய்விடும், அதற்கு மேல் தண்டனையோ பிரசங்கமோ தேவையில்லை.

முதல் நான்கைந்து நாள் நிலைமை மோசமாகும் என்று எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். பழைய கத்தல் எங்கே போயிற்று என்று அவன் தேடிப் பார்ப்பான், இன்னும் அதிகமாக இழுத்தடிப்பான். பலர் "இதெல்லாம் நம்ம பிள்ளைக்குச் சரிப்படாது" என்று கைவிடுவது இங்கேதான். அப்போது கைவிட்டால் முன்பைவிட உரக்க அடம் பிடித்தால் பலிக்கும் என்று கற்றுக்கொடுத்ததாகிவிடும். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்ற வேண்டாம். ஒரு வாரம் கூடை, அடுத்த வாரம் கடிகாரம் என்று போங்கள்.

சின்னவள் அந்த நேரத்தில் தூங்கினால் தூங்கட்டும். விழித்துவிட்டால் காலையில் மட்டும் கண்ணில் படும் ஒரு பெட்டி கொடுங்கள்: மூடிகள், டம்ளர்கள், துணி கிளிப்புகள். போன் கொடுக்காதீர்கள். 2 வயதுக்குக் கீழே திரையே வேண்டாம், 2 முதல் 5 வயது வரை ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்குள் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல். அவள் சாப்பிடவில்லை என்று பயந்துதான் போனைக் கையில் கொடுக்கிறோம். முதல் ஆண்டில் பிறந்த எடையைப்போல மூன்று மடங்கு ஆகும் குழந்தை, இரண்டாம் ஆண்டில் இரண்டு இரண்டரைக் கிலோதான் கூடும், பசியும் அதற்கேற்பக் குறையும். பால் ஒரு நாளில் அரை லிட்டரைத் தாண்டினால் சோறு இறங்காது, இரும்புச்சத்தும் குறையும். அவள் தரையில் விழுந்து கத்தினால் அடிபடாமல் பார்த்துக்கொண்டு பக்கத்தில் பேசாமல் இருங்கள். கேட்டதைக் கொடுக்காதீர்கள், விளக்கமும் சொல்லாதீர்கள். அடங்கிய பிறகு தூக்கிக்கொள்ளலாம்.

"நாங்கள் எல்லாம் அடி வாங்கித்தான் வளர்ந்தோம்" என்று கீழே யாராவது எழுதுவார்கள் என்று தெரியும். அடித்தால் அந்த நிமிடம் வேலை நடக்கும், அதை நான் மறுக்கவில்லை. மறுநாள் அதே வேலைக்கு மறுபடி அடிக்க வேண்டியிருக்கிறதே, அதைத்தான் கேட்கிறேன். "வீட்டில் துணைக்கு ஆள் இருப்பவர்களுக்கு இதெல்லாம் முடியும்" என்பவர்களுக்கு: கூடையும் கடிகாரமும் தூக்கமும் தனியாக வளர்ப்பவருக்குத்தான் இன்னும் அதிகம் தேவை.

மாலையைக் கெடுப்பது வீட்டுப்பாடம். இதைச் சொல்லாமல் என்னால் முடிக்க முடியாது. ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று 2018-ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மத்திய அரசின் 2020 பள்ளிப் பை கொள்கையும் அதையே சொல்கிறது. ஆனாலும் இரவு எட்டரைக்கு வாட்ஸ்அப் குழுவில் "நாளைக்குத் தெர்மாகோல் மாடல் கொண்டுவரவும்" என்று செய்தி வருகிறது. அதை ஒன்றாம் வகுப்புப் பிள்ளையா செய்கிறது? அம்மாதான் கண் விழித்து ஒட்டுகிறாள், பிள்ளை பக்கத்தில் தூக்கம் கெட்டு நிற்கிறது. பெற்றோர் கூட்டத்தில் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து எழுத்தில் கேளுங்கள். அதுவரை வந்ததும் முதலில் சுண்டலோ பழமோ கொடுத்து, அரை மணி நேரம் ஒரு கேள்வியும் கேட்காமல் விளையாட விட்டு, வீட்டுப்பாடத்தை 15 நிமிடத்தோடு நிறுத்திவிடுங்கள். மீதியை டைரியில் "நேரம் போதவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போடலாம்.

ஒன்று மட்டும் வீட்டு முறைகளால் தீராது. நேரத்துக்குப் படுத்தும் பிள்ளை தினமும் குறட்டை விட்டால், வாயைத் திறந்து மூச்சு விட்டால், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தால், மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டுச் சதையோ தொண்டையில் இருக்கும் டான்சிலோ வீங்கியிருக்கலாம். அப்படித் தூங்கும் பிள்ளை காலையில் எவ்வளவு சொன்னாலும் எழாது. அது தூங்கும்போது இரண்டு நிமிடம் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போய் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். பகலில் வாயைத் திறந்து பார்ப்பதைவிட அந்த வீடியோ அவருக்கு அதிகம் சொல்லும்.