30 லட்சம் கட்டினால் போயிங் 777 ஓட்டலாமா?

கேள்வி: என் மகன் பி.காம். முடித்திருக்கிறான். கண்டம் தாண்டிப் பறக்கும் பெரிய விமானம்தான் ஓட்ட வேண்டும் என்கிறான். 30 லட்சம் கட்டினால் வெளிநாட்டில் ‘777 டைப் ரேட்டிங்’ முடித்து நேரே வேலைக்குப் போகலாம் என்கிறார் ஓர் ஏஜென்ட். நம்பலாமா? (திருச்சி வாசகர்)

பதில்: நம்பாதீர்கள். டைப் ரேட்டிங் என்பது, ‘இந்த வகை விமானத்தை ஓட்டலாம்’ என்று கையில் இருக்கும் லைசென்ஸில் ஏற்றித் தரும் ஒரு பதிவு. லைசென்ஸே இல்லாத பையனுக்கு எதில் ஏற்றுவார்கள்? முதலில் சி.பி.எல்., அதாவது சம்பளத்துக்கு விமானம் ஓட்டும் லைசென்ஸ் வேண்டும். அதற்கு டி.ஜி.சி.ஏ. (விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பு) தேர்வுகளும் 200 மணி நேரப் பறத்தலும் உண்டு. அப்புறமும் இங்கே பெரும்பாலோர் ஏர்பஸ் ஏ320 போன்ற சிறிய விமானத்தில் துணை விமானியாகத்தான் தொடங்குகிறார்கள். பெரிய விமானத்துக்கு யாரை மாற்றுவது என்பதைக் காலியிடமும் சீனியாரிட்டியும் பார்த்துக் கம்பெனி முடிவு செய்யும். ஏ320 ஓட்டியவர் அதே ஏர்பஸ்ஸின் பெரிய விமானமான ஏ330-க்குப் போகக் குறுகிய பயிற்சி போதும்; இரண்டு காக்பிட்டும் ஒரே ஜாடை. கேப்டனாக 1500 மணி நேரமும் ஏ.டி.பி.எல். என்ற மேல்நிலை லைசென்ஸும் வேண்டும்.

ஏஜென்ட் சொல்லாமல் விடுவது லைன் டிரெயினிங். டைப் ரேட்டிங்குக்காக சிமுலேட்டரில் (தரையில் இருந்தபடியே பறக்கப் பழக்கும் இயந்திரம்) தேறினாலும், பயணிகளை ஏற்றிக்கொண்டு பயிற்சி கேப்டன் பக்கத்தில் உட்கார்ந்து பறந்தாக வேண்டும். அது விமானக் கம்பெனிக்குள்தான் நடக்கும். “எந்தக் கம்பெனியில்? எழுதிக் கொடுங்கள்” என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு மாறும். வேலை கிடைக்காமல் கிடந்தால் ரேட்டிங் காலாவதியாகும். பணம் போனது போனதுதான்.

பி.காம். படித்ததில் சிக்கல் இல்லை. பட்டம் எதுவானாலும் சரி, பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் தேறியிருக்க வேண்டும். காமர்ஸ் குரூப்பில் படித்தவர்கள் அந்த இரண்டு பாடங்களை மட்டும் தேசிய திறந்தநிலைப் பள்ளியில் எழுதித் தேறி வருவது வழக்கம். உங்கள் மகனும் எழுதலாம், ஆனால் அவனே எழுத வேண்டும். “மார்க் ஷீட் நாங்களே வாங்கித் தருகிறோம்” என்று ஒரு கூட்டம் அலைகிறது. 2011-இல் போலி மதிப்பெண் பட்டியல் கொடுத்து லைசென்ஸ் வாங்கிய விமானிகள் கைதானது நினைவிருக்கட்டும்.

எல்லாவற்றுக்கும் முன் மருத்துவப் பரிசோதனை: முதல் கட்டமாகக் கிளாஸ் 2, பிறகு சி.பி.எல்.லுக்கு வேண்டிய கிளாஸ் 1. தேதி வாங்குவதற்குள் பொறுமை போய்விடும். ஓட்டத் தகுதி இருக்கிறதா என்று சொல்லவே இத்தனை காத்திருப்பா என்று எனக்கும் எரிச்சல்தான். ஆனாலும் கிளாஸ் 1 சான்று கைக்கு வராமல் யாருக்கும் அட்வான்ஸ் தராதீர்கள். சேரப்போகும் விமானப் பயிற்சிப் பள்ளி டி.ஜி.சி.ஏ. பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டணத்தை மொத்தமாகக் கட்டாமல், பறந்த மணிக்கு ஏற்பக் கட்டுங்கள். முழுப் பணமும் வாங்கிய பிறகு, ‘விமானம் ரிப்பேர்’ என்று மாதக்கணக்கில் பையன்களை ஹாஸ்டலில் உட்கார வைக்கும் பள்ளிகளும் உண்டு.